கம்பி விட்டுப் பார்த்தேன் என்று சொன்னேன்

அந்தத் துப்பாக்கியை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததையெல்லாம் எழுதிவிட்டு, நான் சும்மா மச்சானுக்குத் துணைக்குப் போனவன், எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை. ஒன்பது வருடமாக அந்த முகத்தைத்தான் வைத்துக்கொண்டிருந்தேன். அலுத்துவிட்டது.

மச்சான் என்பவர் என் மனைவியின் அண்ணன். சுங்கை பினாங்கில் நாங்கள் ஒரு அடுக்குமாடியில் இருக்கிறோம், அவர் குடும்பம் எதிர் அடுக்குமாடியில். அப்போது அவர் ஸ்கூல் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். பிள்ளைகளை ஏற்றும்போது எண்ணுவார், இறக்கும்போது எண்ணுவார், எல்லாரும் இறங்கிய பிறகு ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலும் குனிந்து பார்ப்பார். ஏதாவது ஒன்று தூங்கிக் கிடந்தால் என்ன செய்வது என்பார். அவர் வேனில் ஒரு தண்ணீர் போத்தல்கூடத் தொலைந்ததில்லை என்று தாய்மார்கள் பெருமையாகச் சொல்வார்கள். வீட்டில் கேஸை அடைத்தாயா, கதவைப் பூட்டினாயா என்று அவரை யாரும் கேட்டது கிடையாது. அவர்தான் மற்றவர்களைக் கேட்டு உயிரை வாங்குவார். நானே அவரைப் பல தடவை கிண்டல் பண்ணியிருக்கிறேன்.

சனி ஞாயிறுகளில் அவருக்கு இன்னொரு வேலை இருந்தது. பாலிக் புலாவில் ஒரு சீன முதலாளியின், தவுக்கேயின், டுரியான் தோட்டத்தைப் பார்த்துக்கொள்வது. காய்ப்புக் காலத்தில் நானும் கூடப் போவேன். ஒரு சனிக்கிழமை குடிசைத் தகரம் ஒழுகுகிறது என்று கூரை மேல் ஏறியவர், உத்தரத்துக்கும் தகரத்துக்கும் நடுவில் சாக்கில் சுற்றிச் செருகியிருந்த ஒன்றை இறக்கிக்கொண்டு வந்தார். பழைய காலத்துத் துப்பாக்கி. தோட்டா போட்டுச் சுடுகிற வகை இல்லை. குழலின் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை அடைத்து, ஈய ரவையைப் போட்டு, மறுபடி நாரை வைத்து, நீளக் கம்பியால் குத்திக் குத்திக் கெட்டிக்கிற வகை. பின்பக்கம் ஒரு சின்னக் காம்பு இருக்கும். அதில் சின்னத் தொப்பி மாதிரி ஒரு கேப்பை மாட்டி விசையை இழுத்தால், குதிரை என்கிற சுத்தி வந்து அடிக்கும், கேப்பு வெடித்து நெருப்பு உள்ளே போகும். யார் வைத்தது, எத்தனை காலமாக அங்கே கிடந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

தவுக்கேயிடம் காட்டியபோது அந்த மனுஷன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் எதையும் பார்க்கவில்லை, நீ எதையும் காட்டவில்லை என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி என்றால் நம் நாட்டில் ஜெயில், கூடவே ரோத்தான், பிரம்படி. அது எங்கள் இரண்டு பேருக்கும் நன்றாகத் தெரியும். ஏதோ அறியாமல் செய்தோம் என்று நான் சொல்லப்போவதில்லை. மச்சான் மூன்று வாரம் அதைத் துடைத்து எண்ணெய் போட்டார். மருந்தையும் கேப்பையும் எங்கிருந்தோ கொண்டுவந்தார். எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை.

எனக்கு ஏன் அப்படிப் பிடித்துப்போயிற்று என்று பிறகு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் நான் தரம் பார்க்கிற பிரிவில் இருக்கிறேன். என் கண்ணுக்கு முன்னால் ஒரு ஷிப்டில் ஓடுகிற மின்னணுச் சில்லுகளுக்குக் கணக்கே கிடையாது. ஒன்று கெட்டுப்போனால் தூக்கிப் போட்டுவிடலாம், அடுத்தது வந்துகொண்டே இருக்கும். துப்பாக்கியில் அடுத்தது என்பது இல்லை. ஒரு தடவைதான். தவறவிட்டால் மறுபடி கெட்டித்து முடிப்பதற்குள், தோட்டத்தைக் கிளற வருகிற காட்டுப்பன்றி மலையேறிவிடும். அதனால் தூரத்திலிருந்து சுட முடியாது, கிட்டே போகவேண்டும். கிட்டே போகவேண்டும் என்றால் அசையாமல் உட்கார வேண்டும். கொசு கடித்தால் கடிக்கட்டும் என்று விட வேண்டும். நாற்பது வயதில், வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு மணி நேரம் வேறு எதையும் நினைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

சுட்டதும் வெள்ளைப் புகை கிளம்பி முன்னால் இருப்பதையெல்லாம் மறைத்துவிடும். பட்டதா இல்லையா என்று தெரியாது. மரங்களுக்கு அடியில் காற்று இருக்காது, புகை அப்படியே நிற்கும். அது கலைகிற வரைக்கும் காத்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்த நாலைந்து விநாடிக்காகத்தான் நான் வாராவாரம் போனேன் என்று நினைக்கிறேன். முதல் பன்றி விழுந்த அன்று எனக்குப் பாவமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. சந்தோஷமாக இருந்தது. மச்சானும் நானும் சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்தோம். தோட்டத்திலேயே மிளகைத் தூக்கலாகப் போட்டுச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

துப்பாக்கி விஷயத்திலும் மச்சான் வேன் ஓட்டுகிறவர்தான். அவருக்கென்று சில கட்டளைகள் இருந்தன. பன்றிக்கு மட்டும்தான் ரவை. குரங்குக்கு ரவை போடமாட்டார். எத்தனை டுரியானைக் கடித்துத் தள்ளினாலும் சரி, ஆஞ்சநேயருக்கு நான் பதில் சொல்ல முடியாது என்பார். குரங்குக் கூட்டம் வந்தால் வெறும் மருந்தும் நாரும் கெட்டித்து, சத்தத்துக்கு மட்டும் ஒரு வெடி. இரண்டாவது கட்டளை, அவர் இல்லாதபோது நான் துப்பாக்கியைத் தொடக்கூடாது. மூன்றாவதுதான் முக்கியமானது. கெட்டிப்பதற்கு முன்னால் கம்பி விட்டுப் பார்க்க வேண்டும். கம்பியில் அவர் அரத்தால் ஒரு கோடு இழைத்து வைத்திருந்தார். காலிக் குழலில் கம்பியை விட்டால் அந்தக் கோடு சரியாகக் குழல் வாயோடு நிற்கும். உள்ளே ஏதாவது இருந்தால் கோடு மேலே தெரியும். இந்தத் துப்பாக்கி வெளியில் பார்த்தால் காலியா நிறைந்ததா என்று சொல்லாது மாப்ளே, கம்பிதான் சொல்லும் என்பார். ஐந்து நிமிடத்துக்கு முன்னால் அவர் கையாலேயே சுட்டிருந்தாலும் கம்பி விட்டுப் பார்க்காமல் மருந்தை எடுக்கமாட்டார்.

நான் எப்போதாவது கெட்டிப்பேன், அவர் பக்கத்தில் நின்று பார்க்கும்போது மட்டும். எனக்கு அது குறையாகவே இருந்தது. சுடுவதில் இருக்கிற சுகத்தில் பாதி கெட்டிப்பதில் இருக்கிறது. மருந்து உள்ளே சரசரவென்று இறங்குகிற சத்தம், கம்பி குத்தும்போது முதலில் மெத்தென்று போய் அப்புறம் இறுகி மேலே தள்ளுகிற விதம். நாள் பூராவும் மற்றவர்கள் செய்ததைச் சரி பார்க்கிறவன் நான். இங்கேயும் ஒருத்தர் என் தலைக்கு மேல் நின்று சரி பார்க்கிறாரே என்று எரிச்சலாக வரும்.

அன்றைக்குச் சனிக்கிழமை. விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. தோட்டத்தின் மேல் ஓரத்தில் பன்றி மண்ணைக் கிளறிப் போட்டிருந்தது, புதுக் கிளறல். மச்சான் பார்த்துவிட்டு, இது மறுபடி வரும், முதலில் வயிற்றுக்கு ஏதாவது பார்ப்போம் என்று நாசி லெமாக் வாங்க மோட்டார் சைக்கிளில் கீழே டவுனுக்குப் போனார். போய்வர அரை மணி நேரமாவது ஆகும். குடிசைக்குள் துப்பாக்கி இருந்தது. நானும் இருந்தேன்.

எடுத்தேன். கம்பி விட்டுப் பார்த்தேன், அப்போது மட்டும் ஒழுங்காகப் பார்த்தேன், காலி. மருந்து போட்டேன், நார் அடைத்தேன், கைக்கு வந்த அளவு ரவை போட்டேன். எத்தனை என்று எண்ணவில்லை. மறுபடி நார். மேல் ஓரத்துக்குப் போய் ஒரு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தேன். அந்த இருபது நிமிடம், உண்மையைச் சொன்னால், என் வாழ்க்கையிலேயே நான் நன்றாக இருந்த நேரங்களில் ஒன்று. பன்றி வரவில்லை. மச்சானின் மோட்டார் சைக்கிள் சத்தம்தான் வந்தது, நினைத்ததைவிடச் சீக்கிரமாக.

பயந்துபோய்த் துள்ளி எழுந்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, என்னை நானே அறைந்துகொள்ளவும் தோன்றுகிறது. அவர் என்ன செய்திருப்பார்? ஏன் மாப்ளே, சொன்னால் கேட்கமாட்டீங்களா என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து, வளர்ந்த ஆம்பளை, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், கேப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, மேல் நாரை ஒரு கம்பித் துண்டால் நோண்டி எடுத்து, குழலைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினேன். ரவை கொஞ்சம் சருகில் உதிர்ந்தது. இன்னும் இரண்டு தட்டு தட்டினேன், எதுவும் விழவில்லை. சரி, எல்லாம் வந்துவிட்டது என்று முடிவு பண்ணினேன். எத்தனை போட்டேன் என்று தெரிந்தால்தானே எத்தனை விழுந்தது என்று தெரியும்? அடியில் மருந்து இருக்குமே என்று ஒரு நினைப்பு வந்தது. கம்பி விட்டுப் பார்க்க நேரமில்லை. துப்பாக்கியைக் குடிசையில் பழைய இடத்தில் சாய்த்துவிட்டு வெளியே வந்து நின்றேன். வேர்த்துக் கொட்டியது. அவர் உணவுப் பொட்டலங்களைக் கொடுத்துவிட்டு, என்ன இப்படி வேர்க்குது, காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

சாப்பிட்டு முடிக்கவில்லை, குரங்குகள் வந்துவிட்டன. இருபது முப்பது இருக்கும். நல்ல மரமாகப் பார்த்து ஏறி, பழுக்காத காயையெல்லாம் கடித்துக் கீழே தள்ள ஆரம்பித்தன. தூறல் வேறு. மச்சான் கையைக் கழுவிவிட்டுத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வந்தார். வழக்கம்போலக் கம்பியைக் கையில் எடுத்தார். கம்பியை விட்டால் கோடு மேலே நின்றுவிடுமோ, நான் அகப்பட்டுக்கொள்வேனோ என்பதுதான் அப்போது என் கவலை. அதைத் தாண்டி என் புத்தி போகவில்லை.

"நான் பார்த்துட்டேன் மச்சான். கம்பி விட்டுப் பார்த்தேன். காலிதான்" என்றேன்.

என்னை ஒரு தடவை பார்த்தார். எப்போது பார்த்தீர்கள், ஏன் தொட்டீர்கள் என்று கேட்கவில்லை. தரம் பார்க்கிறதே தொழிலாக இருக்கிற ஆள் நான் சொல்கிறேனே, நம்பிவிட்டார். தலையை ஆட்டிவிட்டு மருந்தைக் கொட்டினார். குரங்குக்கு என்பதால் ரவை இல்லை. நாரை வைத்து, சத்தம் நன்றாக வரவேண்டும் என்று இறுக்கிக் குத்தினார். குத்தினவர் நின்றுவிட்டார்.

"கம்பி மேலே நிக்குதே, மாப்ளே?"

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். அவர் எனக்கு இரண்டாவது வாய்ப்பைக் கையில் கொடுத்துவிட்டு நின்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? நார் கூடப்போயிடுச்சு, தூறல்ல ஈரம் வேற, அதான் இறங்கலை, அடிங்க மச்சான், மரத்தையே காலி பண்ணிடும் போலிருக்கு என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். அவர் கேப்பை மாட்டி, துப்பாக்கியை மரத்துக்கு மேலே வானத்தைப் பார்க்கப் பிடித்து விசையை இழுத்தார்.

வழக்கமான சத்தம் இல்லை அது. குழல் கீழ்ப்பக்கம், அவர் முகத்துக்கு நேராக, பிளந்துவிட்டது. புகை எழும்பியது. எனக்குப் பழகிப்போன புகை. அது கலைகிற வரைக்கும் நான் அப்படியே நின்றேன், அவரிடம் ஓடவில்லை. இதையும் எழுதத்தான் வேண்டும். கலைந்தபோது அவர் முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தார், வலது கையால் வலது கண்ணை மூடியிருந்தார், விரல் இடுக்கில் ரத்தம் வந்தது. குரங்கெல்லாம் போய்விட்டிருந்தது.

தோட்டத்திலேயே கிடந்த தவுக்கேயின் பழைய பிக்கப் வண்டியை மலைப்பாதையில் நான் ஓட்டினேன். அவர் துண்டால் கண்ணை அழுத்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே ஆஸ்பத்திரியில் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார். துப்பாக்கி என்று வாயைத் திறக்கக்கூடாது. குரங்கு விரட்ட மூங்கிலில் கார்பைட் போட்டு வெடித்தோம், மூங்கில் பிளந்துவிட்டது. தோட்டங்களில் செய்கிறதுதான், நம்புவார்கள். உங்களுக்கு வேலை போயிடும் மாப்ளே, பிள்ளைங்க இருக்கு என்றார். அவர் கண் போய்க்கொண்டிருந்தது. அவர் என் வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்.

நம்பினார்கள். அன்று சாயங்காலமே நான் தோட்டத்துக்குத் திரும்பிப் போய், பிளந்த குழலையும் கட்டையையும் சாக்கில் போட்டுக் கட்டி, கடற்கரைப் பக்கம் சதுப்பில் முட்டளவு சேற்றில் இறங்கிப் புதைத்துவிட்டு வந்தேன். அதற்கு முன்னால் மேல் ஓரத்துக்குப் போய்ச் சருகைக் கிளறி, நான் உதிர்த்த ரவைகளைத் தேடினேன். போலீஸ் வந்தால் துப்பாக்கிதான் சாட்சி. மச்சான் வந்தால் அந்த ரவைதான் சாட்சி. நான் பயந்தது மச்சானுக்கு. ஏழு கிடைத்தது.

இரண்டு நாள் கழித்து வார்டில், கண்ணை எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்த பிறகு, அவர் என்னைக் கிட்டே கூப்பிட்டார். பக்கத்தில் யாரும் இல்லை.

"பேசிக்கிட்டே ரெண்டு தரம் மருந்து போட்டுட்டேன் போல, மாப்ளே. கம்பி மேலே நின்னுச்சே, பார்த்தேனே. பார்த்தும் விட்டுட்டேன். நீங்க பக்கத்துல நின்னீங்க. உங்களுக்கு ஒண்ணு ஆயிருந்தா என் தங்கச்சிக்கு என்னா பதில் சொல்வேன்? மன்னிச்சுடுங்க."

கட்டுப் போட்ட முகத்தோடு ஒருத்தர் மன்னிப்புக் கேட்கிறார். அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான். என் வாயிலிருந்து என்ன வந்தது என்பதை இத்தனை வருடமாக நான் யாரிடமும் சொன்னதில்லை. பரவாயில்லை மச்சான் என்றேன். பெரிய மனது பண்ணி அவரை மன்னித்துவிட்டேன்.

அதற்கப்புறம் சொல்லாமல் இருப்பதற்குக் காரணங்கள் வந்துகொண்டே இருந்தன. முதலில் சட்டம். பிறகு வேலை. பிறகு என் மனைவி, அவள் அண்ணன் கண்ணை அவள் புருஷன் எடுத்தான் என்று தெரிந்தால் குடும்பம் என்ன ஆகும்? பிறகு, சொன்னால் மட்டும் கண் திரும்பி வருமா? இந்தக் கடைசிக் காரணம் ரொம்ப வசதியானது. அதை வைத்தே ஐந்தாறு வருடம் ஓட்டிவிட்டேன். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் இந்த வருஷம் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டு மலைக்கோயில் படி ஏறுவேன். இறங்கும்போது அவர் பக்கத்தில் நடந்து வருவார், நான் மோர் நன்றாக இருக்கிறது என்று ஏதாவது பேசிக்கொண்டு வருவேன்.

ஒற்றைக் கண்ணோடு வேன் லைசென்ஸ் தரமாட்டார்கள். வேனை விற்றார். ஒரு கொண்டோ அடுக்குமாடியில் ஜாகாவாக, வாசல் காவலுக்குப் போனார். அதுகூடப் பரவாயில்லை, உழைக்கிறவர், எங்கேயும் பிழைத்துக்கொள்வார். எனக்குத் தாங்காதது வேறு. அவர் கவனம் போய்விட்டது என்று எல்லாரும் நம்ப ஆரம்பித்தார்கள். முதலில் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. ஒரு கிளாஸ் கைதவறி விழுந்தால், ரெண்டு தரம் மருந்து போட்டவராச்சே என்று அவர் மனைவியே சிரிப்பார். துப்பாக்கி விஷயம் எங்கள் இரண்டு குடும்பத்துக்குள் மட்டும் தெரியும், அதற்குள் இதுதான் கேலி. அவரும் சேர்ந்து சிரிப்பார். பிறகு கேஸ் அடுப்பை அவரைப் பற்றவைக்க விடவில்லை. பிறகு அவரே பற்றவைப்பதை விட்டுவிட்டார். கதவைப் பூட்டிவிட்டு லிப்ட் வரைக்கும் போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார், மறுபடி போவார், மறுபடி வருவார். அத்தனை பிள்ளைகளை ஒருநாள் தவறாமல் எண்ணி வீடு சேர்த்த மனுஷன். எதிர் அடுக்குமாடியிலிருந்து அதைப் பார்ப்பேன். பார்த்துவிட்டு வேலைக்குப் போய், சரிபார்க்கப்பட்டது என்கிற கட்டத்தில் என் கையெழுத்தைப் போடுவேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதுதான் எனக்கே என் மேல் அருவருப்பான விஷயம். அந்தத் துப்பாக்கி மேல் ஆசை போகவில்லை. தீபாவளிக்குக் கீழே பட்டாசு வெடிக்கும்போது மருந்து வாடை மாடிக்கு வரும். எனக்கு உடனே அந்தத் தோட்டம், அந்த இருபது நிமிடம். ஒரு மனுஷன் கண்ணை எடுத்த பிறகும் மூக்கு அதைத்தான் தேடுகிறது. ஜன்னலை அடைத்துவிடுவேன்.

போன மாதம் மச்சானுக்குப் பேத்தி பிறந்து முப்பதாவது நாள். மகள் வயிற்றுப் பேத்தி. வீட்டிலேயே பூஜை, சாப்பாடு. குழந்தை கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தது. நானும் வாங்கிக் கொஞ்சினேன். மச்சான் பந்தி பார்த்தார், நாற்காலி போட்டார், வாசலில் நின்று வருகிறவர்களை வாங்க வாங்க என்றார். குழந்தை இருந்த அறைக்குள் மட்டும் போகவில்லை. மத்தியானம் கூட்டம் கலைந்த பிறகு அவர் மகள் என்னிடம் வந்து, மாமா, நீங்க சொன்னா அப்பா கேப்பாரு என்று ஆரம்பித்தாள். அடுத்த மாதம் அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும். அம்மா பள்ளிக்கூடக் கேன்டீனுக்குப் போய்விடுவார். அப்பாவுக்கு ராத்திரி ஷிப்டுதான், காலையில் வீட்டில்தான் இருக்கிறார், நாலு மணி நேரம் பார்த்துக்கொண்டால் போதும். மாட்டேன் என்கிறாராம். ஆறாவது மாடியில் யாரோ ஒரு ஆன்ட்டியிடம் விடச் சொல்கிறாராம். பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூட அவர் பிள்ளையைத் தூக்கவில்லை மாமா என்று சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மச்சான் வெளியே வராந்தாவில் வாடகை நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். ஏன் மச்சான், பேத்தியை ஏன் தூக்கமாட்டேங்கிறீங்க என்று கேட்டேன். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். என் கையை நம்ப முடியாது மாப்ளே, செய்யறது தப்புன்னு கண்ணால பார்த்தும் செய்யற ஆளு நான், அது பச்சப் புள்ள என்றார். அடுக்கிய நாற்காலிகளை மறுபடி எண்ண ஆரம்பித்தார்.

சொல்லிவிட்டேன். முன்கூட்டி எதையும் யோசிக்கவில்லை. நீங்க ஒரு தரம்தான் போட்டீங்க மச்சான் என்று ஆரம்பித்து, நாசி லெமாக் வாங்கப் போனதிலிருந்து, நான் எடுத்தது, கெட்டித்தது, கவிழ்த்துத் தட்டியது, கம்பி விட்டுப் பார்க்காமலே பார்த்தேன் என்றது, ஈர நார் என்று சொன்னது, சருகில் ரவை பொறுக்கினது வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிச்சுடுங்க என்கிற வார்த்தை மட்டும் வரவில்லை. வார்டில் அவர் அதைச் சொன்னபோது நான் வாங்கிக்கொண்ட விதம் ஞாபகத்துக்கு வந்தது.

திட்டுவார், அடிப்பார் என்று நின்றேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். கண்ணைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேனைப் பற்றிக் கேட்கவில்லை.

"அப்ப கம்பி மேலே நின்னுச்சுன்னு நான் பார்த்தது சரிதான்?"

"சரிதான் மச்சான்."

"நான் ஒரு தரம்தான் போட்டேன்."

"ஒரு தரம்தான்."

தலையை ஆட்டினார். நாற்காலிகளை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனார். குழாயில் கையைக் கழுவுகிற சத்தம் கேட்டது, சோப்புப் போட்டு நிதானமாகக் கழுவினார். நான் பின்னாலேயே போய்க் கூடத்தில் நின்றேன். அவர் அறைக்குள் போய் மகளிடம் இரண்டு கையையும் நீட்டினார். அவள் திகைத்துப் போய்க் கொடுத்தாள். அவர் மனைவி சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, பாத்து, பாத்து, தலையைப் பிடிங்க என்று பதறினார். எனக்குத் தெரியும் என்றார் மச்சான். அந்தக் குரலை நான் வேன் காலத்துக்கப்புறம் கேட்டதில்லை. தலையைத் தாங்கிப் பிடித்து, தோளில் சாய்த்துக்கொண்டு, கூடத்துக்கு வந்து அங்கேயும் இங்கேயும் மெதுவாக நடந்தார். மகள் அழுதாள். என் மனைவி கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்தாள்.

எனக்கும் கண்ணீர் வந்துவிட்டது. எல்லாம் சரியாகிவிட்டது என்கிற ஒரு அசட்டு எண்ணம். காலையில் நான் தூக்கிக் கொஞ்சிய குழந்தைதானே என்று, அவர் என் பக்கம் வந்தபோது கையை நீட்டினேன். அவர் நின்றார். குழந்தை இருந்த தோளை என் கைக்கு எட்டாதபடி அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"உங்க கையில வேணாம், மாப்ளே."

என் மனைவிக்குக்கூடக் கேட்காதபடி, மெதுவாகத்தான் சொன்னார்.